உப்பு போனது, வரி போகவில்லை

முதலாம் குலோத்துங்க சோழர் ஐம்பது ஆண்டுகள் ஆண்டார். கலிங்கத்தை அடித்தார், பரணி பாட வைத்தார், சீனாவுக்குத் தூது அனுப்பினார். இவ்வளவும் செய்தவரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு பட்டத்துக்காக: சுங்கம் தவிர்த்த சோழன். ஒரு வரியை எடுத்ததற்குத் தொள்ளாயிரம் வருடமாகப் பேர் சொல்கிறார்கள். போட்ட வரிகளைப் பற்றி எந்தப் பட்டமும் இல்லை. ‘தறிக்கும் செக்குக்கும் வரி வாங்கிய சோழன்’ என்று எந்தப் புலவரும் பாடவில்லை. பாடியிருந்தால் அவருக்குப் பரிசில் கிடைத்திருக்காது.

நம் ஆட்சியாளர்கள் வரலாற்றிலிருந்து பாடம் கற்பதில்லை என்று யார் சொன்னது? இந்தப் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுக்கும்போது தண்டோரா போடு, பத்தைப் போடும்போது தொண்டை கட்டிக்கொண்டது போல் இரு.

சோழருக்கு முன்னால் பல்லவர். அவர்களுடைய செப்பேடுகளில் இருக்கும் வரிப் பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்து ஏழைகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போலவே இருக்கும். நெசவாளியா, தறியிறை. எண்ணெய் ஆட்டுபவரா, செக்கிறை. குயவரா, குசக்காணம். கள் இறக்குபவரா, ஈழம்பூட்சி. வண்ணார் துணி துவைக்கும் கல்லுக்கு ஒரு காணம். கல்யாணம் செய்துகொண்டால் கண்ணாலக்காணம். தாலி கட்டிய கையோடு கஜானாவுக்கும் கட்ட வேண்டும்.

இந்தப் பட்டியல் நமக்குக் கிடைத்த விதம் அதைவிட வேடிக்கை. ஏழைகள் மேல் இரக்கப்பட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. மன்னர் ஓர் ஊரைப் பிராமணர்களுக்குப் பிரமதேயமாகத் தானம் கொடுக்கும்போது, இந்த ஊரில் இன்னின்ன வரிகளை இனி அரசு கேட்காது, தானம் பெற்றவர்களே அனுபவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்த பத்திரம் அது. விலக்கு யாருக்கு? துவைகல்லில் நின்றவருக்கு அல்ல. அவர் கொடுக்கும் கை அதேதான், வாங்கும் கை மட்டும் மாறியது. அன்றைக்குத் தொடங்கிய இந்த வித்தைக்கு இப்போது ‘வரிச் சீர்திருத்தம்’ என்று பேர்.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். துவைகல் எத்தனை, தறி எத்தனை என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிற ஒரே பொருள் எது என்று யோசித்தார்கள். உப்பு! ஜமீன்தாரும் அவர் வயலில் நாற்று நடுகிற பெண்ணும் தின்கிற உப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். சொல்லப்போனால் வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறவருக்குத்தான் கூடுதலாக வேண்டும். ஆக, வியர்வைக்கு வரி போடும் உபாயம் கிடைத்துவிட்டது. மெட்ராஸ் மாகாணத்தில் 1805இல் உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது.

வடக்கே இன்னும் அமர்க்களம். ராஜபுதனத்துச் சமஸ்தானங்களிலிருந்து வரி கட்டாத உப்பு உள்ளே வந்துவிடக் கூடாதே என்று சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஒரு சுங்கக் கோடு கிழித்தார்கள். 1869 வாக்கில் அது 2,300 மைல் நீளம். காவலுக்குச் சுமார் 12,000 பேர். அந்தக் கோட்டில் பெரும்பகுதிக்கு வேலி. இலந்தை, களா, கருவேலம், சப்பாத்திக்கள்ளி என்று தேடித் தேடி நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த முள்வேலி. மனிதன் பாதுகாக்க வேண்டிய செல்வங்களுக்கெல்லாம் கோட்டை கட்டியிருக்கிறான். ஏழையின் கையிலிருக்கும் ஒரு பிடி உப்புக்காக ஒரு நாட்டின் குறுக்கே தோட்டம் போட்டவர்கள் இவர்கள் மட்டும்தான்.

இந்த வேலியைச் சீர்படுத்திப் பெருமை சேர்த்த உள்நாட்டுச் சுங்க ஆணையர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். ஆமாம், அவரேதான். 1885இல் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கி வைத்தாரே, பறவைகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினாரே, அந்த ஹ்யூம். 1867 முதல் 1870 வரை அவர்தான் உப்புக்கு வேலி காத்தார். உப்புக்காக மக்களை மறித்தவர் தொடங்கிய கட்சி, நாற்பத்தைந்து வருடம் கழித்து உப்புக்காகவே மக்களைத் திரட்டியது. காந்தி தண்டிக்கு நடந்தபோது ஹ்யூம் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கூடவே நடந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். வழி அவருக்கு அத்துப்படி.

1879இல் வேலியைக் கைவிட்டார்கள். மனம் இளகி அல்ல. உப்பு விளையும் சாம்பார் ஏரியையே சமஸ்தானங்களிடம் குத்தகைக்கு எடுத்தாகிவிட்டது. விளையும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளலாம், முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற செலவு மிச்சம். ஆனால் நாடு முழுவதும் வரி ஏறத்தாழச் சமமாக இருந்தால்தானே வேலியை எடுக்க முடியும்? வடக்கில் கொஞ்சம் குறைத்தார்கள், தெற்கில் நிறைய ஏற்றினார்கள். மெட்ராஸிலும் பம்பாயிலும் ஒரு மணங்கு உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணா ஆனது. எப்போது? தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து, மிச்சமிருந்தவர்கள் கஞ்சித் தொட்டியிலிருந்து எழுந்து நின்ற நேரத்தில். கஞ்சிக்கு உப்பு போட்டுக் குடிக்கலாம் என்று நினைத்தவரிடம் கலெக்டர் ரசீது நீட்டினார்.

இதற்கு நடுவில் ஒரு விபரீதம் நடந்தது. பணக்காரர்களிடமும் வரி வாங்கினால் என்ன என்று ஓர் ஆசாமிக்குத் தோன்றியது.

ஜேம்ஸ் வில்சன் ஸ்காட்லாந்துக்காரர். முதலில் தொப்பி செய்யும் தொழில் நடத்தினார். பிறகு லண்டனில் ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1857 கலகத்தை அடக்கிய செலவில் இந்திய அரசாங்கம் கடனில் மூழ்கிக் கிடந்தபோது அவரை நிதி கவனிக்க அனுப்பினார்கள். வந்தவர் 1860 பிப்ரவரியில் நாட்டின் முதல் பட்ஜெட்டைப் படித்து, வருமான வரி என்ற புதுச் சரக்கை இறக்கினார். தொப்பிக்காரர் குல்லா போட்டுவிட்டார் என்று வர்த்தகர்கள் அலறினார்கள். வருடத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தால் வரி இல்லை. 500க்குள் 2 சதவீதம், மேலே 4 சதவீதம். இப்போதைய கணக்கில் பார்த்தால் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய விகிதம். அரசன் வரி வாங்குவது இந்நாட்டு மரபுதான் என்று காட்ட அவர் தர்மசாஸ்திரம் சொன்ன மனுவையே துணைக்கு அழைத்தார். தொப்பி வியாபாரிக்கு மனு எதற்குப் பயன்பட்டார் பாருங்கள்.

மெட்ராஸ் கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யனுக்குப் பொறுக்கவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தில் கைச்சிக்கனம் காட்டிப் பேர் வாங்கியவர் அவர். அப்பேர்ப்பட்டவருக்கு வில்சனின் வரித் திட்டம் அநியாயமாகப் பட்டது. ராணுவச் செலவைக் குறையுங்கள், புது வரி வேண்டாம் என்று எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். அதோடு விடாமல் அந்தக் குறிப்பைப் பத்திரிகைக்காரர்கள் கையில் சேர்த்துவிட்டார். அரசாங்க ரகசியத்தைக் கவர்னரே கசியவிடுவதா என்று லண்டன் கொதித்தது. டிரெவெல்யனைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பட்ஜெட் ஆவணத்தைக் கசியவிட்டால் இப்போது குமாஸ்தாவைப் பிடிப்பார்கள். அப்போது கவர்னரையே பிடித்தார்கள். நிர்வாகம் என்றால் அது.

டிரெவெல்யனுக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து வந்த ஹென்றி வார்டு, வந்த சில வாரங்களில் காலராவில் போனார். அது ஆகஸ்ட் 2. வருமான வரிச் சட்டம் ஜூலை 24இல் நிறைவேறியிருந்தது. ஆகஸ்ட் 11இல் வில்சனும் வயிற்றுக்கடுப்பில் கல்கத்தாவில் இறந்தார். தான் போட்ட வரியை மூன்று வாரம்கூட அனுபவிக்கவில்லை. அவர் கல்லறை எங்கே என்றே நாடு மறந்துபோய், இந்த நூற்றாண்டில் ஒரு வருமான வரி அதிகாரிதான் தேடிக் கண்டுபிடித்தார். துறை யாரையும் விடாது.

கதையின் உச்சம் இனிமேல்தான். விரட்டப்பட்ட டிரெவெல்யன் சில வருடத்தில் இந்தியாவுக்கே திரும்பி வந்தார், நிதி கவனிக்கிற அதே நாற்காலிக்கு! அவர் காலத்தில், 1865இல், வருமான வரி காலாவதியானது. வர்த்தகர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். உப்பு வரி? அதற்கு என்ன, அது பாட்டுக்கு இருந்தது. அதை எதிர்த்துக் குறிப்பு எழுத நாற்று நடுகிறவளுக்குப் பத்திரிகைக்காரர் யாரையும் தெரியாதே. கடைசியில் 1886இல் வருமான வரி நிரந்தரமாக வந்தபோதும் ஜமீன்தார்களுக்கு வலிக்காமல் விவசாய வருமானத்தை விலக்கி வைத்தார்கள். அந்த விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. கோடிகளில் சம்பாதிக்கிறவர்களுக்குத் திடீரென்று மண்வாசனை மேல் காதல் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1923இல் உப்பு வரியை இரட்டிப்பாக்கி மணங்குக்கு இரண்டரை ரூபாய் என்றார்கள். சட்டசபை முடியாது என்றது. வைசிராய் ரீடிங் பிரபு, சபை கிடக்கட்டும் என்று தன் சொந்த அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டார். மறு வருடம் பாதியாகக் குறைத்தார்கள். ஏற்றியதை இறக்கியதற்கு நன்றியும் எதிர்பார்த்தார்கள்.

1930 மார்ச்சில் காந்தி, வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டார். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளுக்கு 700 ரூபாய். சராசரி இந்தியனுக்கு நாளுக்கு இரண்டு அணாகூட இல்லை. கடிதம் மிக மரியாதையான கடிதம். படித்தவருக்குத்தான் இரவு தூக்கம் வந்திருக்காது. காந்தி தண்டிக்குப் போய் உப்பு எடுத்த கதை ஊரறிந்தது. நாம் வேதாரண்யத்துக்குப் போவோம்.

ஏப்ரல் 13 அன்று திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி நூறு பேரோடு கிளம்பினார். காவிரிக் கரையோரமாகத் தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. ஐம்பது வருடத்துக்கு முன்னால் முள்வேலியை எடுத்த அரசாங்கம் இப்போது ஆங்கிலத்தில் முள் என்றே பேர் வைத்த ஒருவரை நிறுத்தியிருந்தது. தொண்டர்களை அடித்தால் பத்திரிகையில் வரும் என்று அவர் சமர்த்தாக யோசித்தார். அடிக்க வேண்டாம், பட்டினி போடுவோம். இவர்களுக்குச் சோறு போட்டால், திண்ணையில் படுக்க இடம் கொடுத்தால் சிறை என்று உத்தரவு போட்டார்.

கலெக்டர் நல்ல படிப்பாளி. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் வந்தவருக்குச் சோறு போடாதே என்று சொன்னால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. நடக்கிற வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. புளியமரம் காய்த்ததா, புளியோதரையே காய்த்ததா என்று கேட்கும்படி. யார் கட்டியது? யாருக்கும் தெரியாது. மரத்தைக் கைது செய்யச் சட்டத்தில் பிரிவு இல்லை. அரசாங்கத்தின் மேல் மக்களுக்குப் பக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது செத்துவிட்டது என்கிற பொருளில் தார்ன் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 30இல் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பு அள்ளினார், உள்ளே போனார். வேதாரண்யத்தில் இன்னொரு கதை சொல்வார்கள். முடிதிருத்தும் வைரப்பன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் முடிந்தபோதுதான் இவர் சத்தியாகிரகிகளை அடிக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததாம். கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். மீதிப் பாதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் என்றாராம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மிச்சத்தைச் செய்துவிடு, விட்டுவிடுகிறேன் என்று நீதிபதி சமரசம் பேசியபோது, வைரப்பன் சவரப் பெட்டியை அவர் முன்னால் வைத்து நீங்களே செய்துவிடுங்கள் ஐயா என்றாராம். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. உப்பு வரிக்கு எதிரான போரில் பாதி முகத்தோடு நின்ற அந்தப் போலீஸ்காரருக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

இப்போது காட்சி மாறுகிறது. 1937. அதே ராஜாஜி மெட்ராஸ் மாகாணத்தின் பிரதமர். சேலம் ஜில்லாவில் அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு. குடிக்கிற ஏழைக் குடும்பங்களில் அடுப்பு எரிய வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் மாகாண கஜானாவின் முதுகெலும்பாக இருந்தது. கடையை மூடினால் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் காசு எங்கே?

1939ஆம் வருடத்துச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் பதில் கிடைக்கும். மின்சாரத்துக்கு வரி. மோட்டார் பெட்ரோலுக்கு வரி. புகையிலைக்கு வரி. சினிமா, நாடகத்துக்குக் கேளிக்கை வரி. சினிமாவைக் கண்டால் ராஜாஜிக்கு ஆகாது என்பதால் இந்தக் கடைசி வரியை அவர் மிகுந்த மன நிறைவோடு போட்டிருப்பார். இவை எல்லாவற்றுக்கும் மகுடமாக, மெட்ராஸ் பொது விற்பனை வரிச் சட்டம். எந்தப் பொருளை விற்றாலும் வரி என்ற இந்த ஏற்பாடு இந்தியாவில் அதுதான் முதல் முறை. கையெழுத்திட்ட அரசு, ஒரு பிடி உப்புக்கு வரி கூடாது என்று 150 மைல் நடந்து சிறை போனவருடையது.

உப்புக்கு மட்டும் வரி என்றால் அது வெள்ளைக்காரன் சுரண்டல். உப்பைத் தவிர எல்லாவற்றுக்கும் வரி என்றால் அது சொந்த சர்க்கார்.

ராஜாஜியின் நியாயம் தெளிவானது. குடிகாரனின் காசில் ஆட்சி நடத்துவது பாவம். அதைவிட ஊர் முழுவதும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது மேல். ஒரு குடும்பத்தின் கள்ளுக்கடைச் செலவு நின்று, அதற்குப் பதில் மளிகையில் துளி வரி என்றால் லாபம்தான். கணக்கு சரி. ஆள்தான் நிலைக்கவில்லை. அதே 1939 அக்டோபரில், போரைக் காரணம் காட்டிக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. கவர்னர் ஆட்சி வந்தது. போர்க்காலத்தில் கவர்னர் மதுவிலக்கைத் தூக்கினார். விற்பனை வரியை? அதை ஏன் தூக்க வேண்டும், நன்றாகத்தானே வசூலாகிறது! மதுவுக்குப் பதிலாக வந்த வரியும் இருந்தது, மதுவும் திரும்ப வந்தது.

இதே நாடகம் பிறகு இன்னொரு முறை அரங்கேறியது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அதைத் தளர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 92 வயது ராஜாஜி முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டார்கள், வழியனுப்பினார்கள், கடையைத் திறந்தார்கள். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதனிடமே கொடுத்தார். இப்போது அந்த வழியில் வருடத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. கட்சிகள் எதிலாவது ஒன்றுபட்டு உழைத்திருக்கின்றன என்றால் இதில்தான். 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கியில் விழுகிறது; நல்ல திட்டம், மறுக்கவில்லை. குடும்பத் தலைவர் தெருமுனைக்குப் போய் அதைப் பத்திரமாக அரசிடமே திருப்பிக் கட்டிவிட்டு வருகிறார். பணம் நாட்டை விட்டு வெளியே போகவில்லை என்பது ஒரு திருப்தி.

உப்பு வரி என்ன ஆனது? அதை ஒழித்தவர் காந்தி என்று எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். ஒழித்த பேனா லியாகத் அலி கானுடையது. ஆமாம், பிறகு பாகிஸ்தானின் முதல் பிரதமரான அதே லியாகத். இடைக்கால அரசின் நிதி உறுப்பினராக 1947 பிப்ரவரி 28இல் அவர் படித்த பட்ஜெட்டில் உப்பு வரி ரத்து. வருமான வரி விலக்கு வரம்பும் 2,000 ரூபாயிலிருந்து 2,500. காங்கிரஸ் பெஞ்சுகள் மேஜையைத் தட்டின. அடுத்த பக்கத்தில், ஒரு லட்சத்துக்கு மேல் வியாபார லாபம் வந்தால் 25 சதவீதம் வரி என்றிருந்தது. தட்டிய கைகள் தலைக்குப் போயின. காங்கிரஸுக்கு நிதி கொடுத்து வளர்த்த தொழிலதிபர்கள் பதறினார்கள். இது முஸ்லிம் லீக்கின் சதி என்றார்கள். சில வாரப் பேச்சில் அந்த வீதம் கீழே இறங்கியது. ஏழைக்கு உப்பு வரி போக 142 வருடம். பணக்காரர்களுக்கு வரி குறையச் சில வாரம். இந்த விகிதத்தை எந்தப் பொருளாதாரப் பாடத்திலும் சூத்திரமாகச் சேர்க்கலாம்.

சுதந்திரம் வந்து ஆறு வருடத்தில், 1953இல், உப்புக்கு மறுபடி ஒன்று வந்தது. வரி என்று சொன்னால் காந்தி படம் சுவரிலிருந்து பார்க்குமே! அதனால் மேல்வரி என்று மரியாதையாக ‘செஸ்’ போட்டார்கள். தொகை மிகச் சொற்பம், 40 கிலோவுக்கு 14 பைசா. அதைக் கணக்குப் பார்க்கவே உப்பு ஆணையர் அலுவலகத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஜி.எஸ்.டி. வருகிற காலத்தில்தான் ஒருவழியாக எடுத்தார்கள்.

பணக்காரர்களைப் பிடிக்கவும் முயற்சி நடக்காமல் இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து கால்டார் என்ற பேராசிரியர் 1956இல் வந்து, சொத்துக்கு வரி, செலவுக்கு வரி என்று யோசனை சொன்னார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை 1957இல் செய்தும் காட்டினார். செலவு வரியை 1962இல் எடுத்தார்கள், 1964இல் போட்டார்கள், 1966இல் எடுத்தார்கள். அது வந்து போன செலவுக்கே வரி போட்டிருக்கலாம். பிறகு இந்திரா காந்தி காலம். 1973-74இல் உச்ச வருமானத்துக்கு மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். 100 ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால். எந்தப் பணக்காரர் 97 ரூபாய் கட்டினார் என்கிறீர்கள்? நாட்டில் பணக்காரர்களே காணாமல் போனார்கள். கணக்குப் புத்தகம் இரண்டானது, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. வீதத்தைக் குறைத்தால்தான் கறுப்பு குறையும் என்று வாஞ்சூ குழு 1971லேயே சொல்லியிருந்தது. கஜானாவை நிரப்பும் வேலை வழக்கம்போல் தீப்பெட்டியிலும் சோப்பிலும் துணியிலும் கலால் வரி கட்டிய பொதுஜனத்துக்கே வந்து சேர்ந்தது.

2017 ஜூலையில் பெரும்பாலான மறைமுக வரிகளை ஜி.எஸ்.டி. என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். பெட்ரோலையும் சாராயத்தையும் குடைக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அவை நனைந்தால்தான் மாநிலங்கள் பிழைக்கும். ஆரம்பத்தில் குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை, மாதவிடாய்க்கான நாப்கினுக்கு 12 சதவீதம். பட்டியல் போட்ட சபையில் யார் யார் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். ஒரு வருடக் கூச்சலுக்குப் பிறகு 2018 ஜூலையில் எடுத்தார்கள். விலை 12 சதவீதம் இறங்கவில்லை. ஏனென்றால் விற்கிற பொருளுக்கு வரி இல்லை என்றால், பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தயாரிப்பாளர் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அது விலைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

2020இல் கர்நாடகத்து முன்தீர்ப்பு ஆணையம் ஒரு தத்துவ விசாரணையில் இறங்கியது. பாக்கெட் பரோட்டா ரொட்டியா, இல்லையா? சூடு பண்ணித்தானே சாப்பிட வேண்டும், அதனால் ரொட்டி இல்லை, 18 சதவீதம் என்று தீர்ப்பானது. சப்பாத்தி 5 சதவீதத்தில் மானத்தோடு இருந்தது. 2024 செப்டம்பரில் கோவை ஓட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடமே நேரில் முறையிட்டார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம்; வாடிக்கையாளர் பன்னைத் தனியாகவும் க்ரீமைத் தனியாகவும் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று. அரங்கமே சிரித்தது. மறுநாள் ஓட்டல்காரர் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியானது. டிரெவெல்யனுக்குக் கிடைத்ததைவிட லேசான தண்டனைதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது அரிசி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி. ஆலைக்காரர்கள் ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. மூட்டையின் மேல் பெரிதாக 26 என்று அச்சு. கூடுதல் ஒரு கிலோவில் வரி காணாமல் போனது. இப்போது கடை வாசலில் நின்று பாருங்கள். காரில் வருகிறவர் 26 கிலோ மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறார், வரி இல்லை. அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு வாங்குகிற பெண் லேபிள் ஒட்டிய ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்தால் வரி உண்டு. அவர் தப்பிக்க ஒரே வழி, கடைக்காரர் மூட்டையைப் பிரித்துத் தராசில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. அதையும் அண்ணாச்சி கடைகள் செய்கின்றன; அந்த வகையில் ஏழைகளுக்கு வரி நிவாரணம் வழங்கி வருவது நிதியமைச்சகம் அல்ல, அண்ணாச்சிகள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பரோட்டாவுக்கு வரியே இல்லை. ஐந்து வருடம் போராடிச் சப்பாத்தியோடு சம அந்தஸ்து வாங்கிவிட்டது. இது உண்மையான குறைப்பு, ஏழையின் கைக்கு எட்டுகிற குறைப்பு. எட்டு வருடம் முன்னால் போட்டவர்களே இறக்கிவிட்டுத் திருவிழா கொண்டாடியதை மன்னித்துவிடலாம். ரீடிங் பிரபுவும் அப்படித்தான் செய்தார்.

ஆனால் அதே வருடம் பிப்ரவரியில் நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் கொண்டாடியது வேறொன்றை. வருடத்துக்கு 12 லட்சம் வரை சம்பாதித்தால் வருமான வரி இல்லை. 140 கோடிப் பேரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களே 9 கோடி வாக்கில்தான்; அதிலும் பலர் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. வீட்டு வேலை செய்கிறவர், சித்தாள், பூக்கட்டுகிறவர், கரும்பு வெட்டுகிறவர், இவர்களுக்கு ஜேம்ஸ் வில்சன் காலத்திலிருந்தே வருமான வரி கிடையாது. அவர்கள் கட்டுவதெல்லாம் ஷாம்பூ சாஷேவிலும், பஸ் டிக்கெட்டுக்குள் இருக்கும் டீசலிலும், செல்போன் ரீசார்ஜிலும். ரீசார்ஜுக்கு 18 சதவீதம். அம்பானி வீட்டுக் கைப்பேசிக்கும் அதே 18, ஆயா வீட்டுக் கைப்பேசிக்கும் அதே 18.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிப்ரவரி 1 அன்று ‘சாமானியர்களுக்கு வரிச் சலுகை’ என்று திரையில் எழுத்து ஓடும்போது, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லாதீர்கள். அவருடைய பட்ஜெட் அன்றைக்குப் படிப்பதில்லை. மளிகைக் கடை பில்லின் அடியில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரியில் தினமும் அச்சாகிறது.